உழவியந்திரத்துக்கு ஒரு புல்வெட்டி

தென்னந்தோட்டத்துப் புல்லை வெட்ட, உழவியந்திரத்தின் பின்னே பூட்டும் கருவியொன்றைப் பட்டறையிலேயே ஆக்கிக்கொள்ளலாம். உருக்குச் சட்டம், பழைய மோட்டார் வண்டியொன்றின் பின்னச்சுப் பற்சக்கரப் பெட்டி, இரண்டு அலகுகள், பொருள்கள் இவ்வளவே. இடர் கணக்கில் இருக்கின்றது.

உழவியந்திரத்தின் பின்னால் நீண்டிருக்கும் சுழல்தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழல்வது வழக்கம். வீச்சினாலேயே புல்லை அறுப்பதற்கு அலகின் நுனி செக்கனுக்கு 60, 70 மீற்றராவது விரையவேண்டும். நடுவிலிருந்து 60 சதமமீற்றர் நீளும் அலகைத் தண்டின் வேகத்திலேயே சுழற்றினால் 34 மீற்றரே கிடைக்கும்; புல் அறுபடாது சாய்ந்துவிடும். பெட்டியின் விகிதம் நான்குக்கு ஒன்றென்று கொள்வோம். அதனைத் தலைகீழாக ஓட்டினால் சுற்று 2160 ஆகி, நுனி 136 மீற்றரை எட்டும். அவ்வேகத்தில் தெறிக்கும் கல் ஆளைக் கொல்லவல்லது. வேண்டியது இருமடங்கே, அதாவது 1080 சுற்று. கைக்குக் கிடைத்த பெட்டியைப் பூட்டிப் பார்ப்போம் என்பது இங்கே துணிவன்று, மடமை.

அலகுகளைக் காய்ச்சி ஒட்டலாகாது. மரையாணியில் தளர்வாகத் தொங்கவிட்டால், குற்றியில் மோதும்போது அவை பின்மடியும். தண்டுக்கும் பெட்டிக்கும் இடையே மெல்லிய ஆணியொன்று இருத்தல் நன்று. பளு மிகுந்தால் அது முறிந்து, பற்சக்கரம் பிழைக்கும். ஓரங்களில் சங்கிலித் திரை தொங்கவேண்டும்.

இவையெல்லாவற்றிலும் முந்தியது, சுழல்தண்டை மூடும் குழாய். நம்மவர் சாரத்துடனேயே தோட்டத்தில் நிற்பர். 540 சுற்று என்பது செக்கனுக்கு ஒன்பது. துணியின் நுனி சிக்கினால், ஓட்டுபவர் இயந்திரத்தை நிறுத்தக் கை நீட்டுமுன் ஆளையே இழுத்துவிடும்.