காற்று அடிக்குமுன் பாயைச் சுருக்கு! நடுக்கடலில் முதுகெலும்பு முறிந்தவர் மீண்டும் போய் சாதனை

கோவை,–

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கோவைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து அடித்தால், கடைக்காரர் வாசலில் கட்டிய தார்ப்பாயைப் பாதி சுருட்டிக் கட்டிவிடுவார். பேனர் கட்டுகிற ஆள், துணியில் அங்கங்கே ஓட்டை போட்டு விடுவார். காற்றோடு மல்லுக்கு நின்றால் துணிதான் கிழியும்.

பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான். காற்று கூடினால் பெரிய பாயின் கீழ்ப்பகுதியை மடித்துக் கட்டி, பாயைச் சிறிதாக்கி விடுவார்கள். இதற்குப் பெயர் 'ரீபிங்'. செய்யத் தவறினால் படகு கவிழும். ஆளும் போவான்.

45 அடி அலை

கேரளாவைச் சேர்ந்த முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. 2013-ல் எங்கும் நிற்காமல் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியர். 2018-ல் 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் 'துரியா' என்ற படகில் கிளம்பினார். படகின் நீளம் 32 அடிதான்.

செப்டம்பர் 21. தெற்கு இந்தியப் பெருங்கடல். மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் சூறாவளி. 45 அடி உயர அலை. படகு அப்படியே புரண்டது. பாய்மரம் முறிந்தது. டோமி உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியது. எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் ஈ, காக்கை இல்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் சுமார் 3,500 கி.மீ. தூரத்தில்!

கடற்படையின் பி-8ஐ விமானம் படகைக் கண்டுபிடித்தது. 24-ந் தேதி 'ஓசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. முதுகில் டைட்டானியம் கம்பி வைத்து ஆபரேஷன் நடந்தது.

மடக்குவது எப்படி?

காற்றின் வேகம் 2 மடங்கானால் பாயின் மேல் விழும் அழுத்தம் 4 மடங்காகும். அதனால்தான் இந்த அவசரம்.

பழைய முறையில், ஆடுகிற படகில் பாய்மரத்தின் அடிவரை தவழ்ந்து போய்த்தான் பாயை மடிக்க வேண்டும். ராத்திரி, மழை, வழுக்குகிற தளம். ஒரு அலை அடித்தால் முடிந்தது கதை.

இதற்கு வழி கண்டார்கள். பாயின் முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் உள்ள வளையங்களில் கயிற்றை விட்டு, கப்பிகள் வழியாக, படகோட்டி உட்காரும் பள்ளம் வரை கொண்டு வந்து விட்டார்கள். பாயைத் தூக்கி நிறுத்தும் கயிறும் அங்கேயே.

படகைக் காற்றுக்கு எதிரே லேசாகத் திருப்ப வேண்டும். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைத் தளர்த்த வேண்டும். தூக்குக் கயிற்றை, போட்டு வைத்த அடையாளம் வரை இறக்க வேண்டும். மடக்குக் கயிற்றை இறுக இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு தூக்குக் கயிற்றை மறுபடி விறைப்பாக ஏற்றி, தளர்த்தியதை இழுத்துப் பிடிக்க வேண்டும். அம்புட்டுதான்! உட்கார்ந்த இடத்தை விட்டு நகர வேண்டாம்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். கயிறு நீளம், கப்பிகள் அதிகம். உரசல் கூடி இழுக்கக் கஷ்டம். நடுவில் சிக்கிக்கொண்டால் பாய்மரத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதனால் கரையோரம் நல்ல வெயில் நாளிலேயே பழகிக்கொள்வார்கள்.

மீண்டும் கடலுக்கு!

முதுகில் கம்பியோடு டோமி சும்மா இருக்கவில்லை. 2022 செப்டம்பர் 4-ந் தேதி அதே பந்தயத்துக்கு மறுபடி கிளம்பினார். 236 நாள் தனியாகக் கடலில் இருந்து, 2023 ஏப்ரல் 29-ல் 2-வது ஆளாகக் கரை சேர்ந்தார். முதலில் வந்தவர் ஒரு பெண். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேபர்.

நம்மூர்ப் பக்கமும் பெண்கள் சளைத்தவர்கள் அல்ல. புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டின் தில்னாவும் கடற்படை அதிகாரிகள். இருவர் மட்டும் 'தாரிணி' படகில் 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29-ல் திரும்பினார்கள்.

பாயை எப்போது மடிக்க வேண்டும்? "மடிக்கலாமா?" என்ற யோசனை வந்த அந்த நிமிஷமே என்பதுதான் படகோட்டிகளின் கணக்கு. காற்று முற்றிய பிறகு கை ஓடாது.

பல்லடம், உடுமலைப் பக்கம் சுற்றும் புதுக் காற்றாலைகளும் இப்படித்தான். காற்று எல்லை மீறினால் றெக்கைகளைத் திருப்பி, காற்றை விலக விட்டு, நின்றுவிடும்.

காற்று ஓய்ந்ததும் மறுபடி சுற்றும். பாயும் மறுபடி ஏறும்.