கணினிக்கும் காய்ச்சலா?

2007-ஆம் ஆண்டு டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் கணினித் தொழிற்சாலை தொடங்கியது. அதன் அருகேயுள்ள நம் பிள்ளைப்பாக்கத்து வீடுகளிலும் இன்று கணினி உண்டு. வெயில் காலத்தில் அது ஏன் 'உர்... உர்...' என்று இரைகிறது?

கணினியின் மூளை பிராசசர். 1971-இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றோ பல நூறு கோடி! அவற்றில் மின்சாரம் பாய்வதால் வெப்பம் பிறக்கிறது. அதை உலோகத் தகடுகள் உறிஞ்ச, விசிறி வெளியேற்றுகிறது. லாரிகள் கிளப்பும் தூசி தகடுகளின் இடுக்கில் அடைந்தால் காற்று புகாது. விசிறி இன்னும் வேகமாகச் சுழன்று இரையும். வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிடில் கணினி அணைந்து, சேமிக்காத பாடமெல்லாம் அழியும்.

மருந்து என்ன? முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். பெரியவர் துணையுடன் மூடியைக் கழற்றி, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசியை அகற்றுங்கள். பிறகும் சூடு தணியவில்லையா? தகட்டுக்கும் பிராசசருக்கும் இடையிலுள்ள பசை காய்ந்திருக்கலாம். பழுது பார்ப்பவர் புதிதாகப் பூசித் தருவார். 'கடகட' என்ற ஓசை வந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். விசிறியை மட்டும் மாற்றினால் போதும். மடிக்கணினியை மெத்தைமேல் வைக்காதீர்கள். காற்றுத் துளைகள் அடைபடும்.

விசிறியின் இரைச்சல் ஓர் எச்சரிக்கை. காலத்தே செவி கொடுத்தால் பெற்றோரின் பணமும் நம் படிப்பும் காக்கப்படும்!