படி விளிம்பில் ஒரு வைத்தியம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானுக்குத் தயாராகும் வாசகர் ஒருவர், ஓடுவதற்கு முன் எத்தனை நிமிடம் ஸ்ட்ரெச்சிங் செய்தால் காயம் வராது என்று கேட்டிருக்கிறார். பதில் அவருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரிடம் இதைச் சோதித்து 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். தசைகளை இழுத்து நீட்டியவர்களும் நீட்டாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அடிபட்டார்கள். நீச்சலில் கையை வீச, சைக்கிளில் குனிந்து மிதிக்க உடம்பு வளைந்துகொடுக்க வேண்டும். நீட்டல் அதற்கு உதவும். காயத்தைத் தடுக்க வேண்டுமானால் வலுப்பயிற்சிதான்.

டிரையத்லான்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நீந்தியும் மிதித்தும் இதயமும் நுரையீரலும் தேறிவிடும். தரையில் மோதி மோதிப் பழகாத கால் பின்தங்கிவிடும். மூச்சு இருக்கிறதே என்று ஓட்டத்தைக் கூட்டினால், முதலில் முனகுவது, கெண்டைக்கால் தசையைக் குதியெலும்போடு இணைக்கும் குதிகால் நாண். எங்கள் கொல்லையில் முருங்கையும் புளியும் ஒன்றாக நட்டோம். முருங்கை மறுவருஷமே காய்த்தது. புளி இன்னும் இடுப்பளவுதான். சட்டென்று தேறும் தசை முருங்கை, மெல்லத் தேறும் நாண் புளி.

அந்த நாணுக்கு வைத்தியம் கிடைத்த கதை விசித்திரமானது. சுவீடனில் உமியோ நகரத்து எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்பிரெட்சனுக்கே குதிகால் நாணில் தீராத வலி. அறுவை சிகிச்சை கேட்டார், மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் அறுந்தால் செய்துதானே ஆகவேண்டும் என்று, வலிக்கிற காலையே போட்டு வருத்தினார். அறவில்லை. வலிதான் போயிற்று!

1998-இல் அதை முறையான சிகிச்சையாக வெளியிட்டார். படி விளிம்பில் முன்பாதம் ஊன்றி, நல்ல காலால் எழும்பி, வலிக்கிற காலின் குதியை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று. காலை, மாலை இரு வேளையும், 12 வாரம். ஓரளவு வலித்தாலும் நிறுத்தக் கூடாது. வலி விட்டதும் முதுகுப்பையில் எடை ஏற்ற வேண்டும். அவரிடம் வந்த 15 பேரும் மறுபடி ஓடினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அப்படிக் குணமாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லட்ச ரூபாய்க்குக் கார்பன் சைக்கிள் வாங்குகிறவர்கள், காசு கேட்காத படிக்கட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வலி வரும்வரை காத்திருக்காமல், வாரம் இரண்டு நாள் எடை சுமந்து குதியை ஏற்றி இறக்குங்கள். குதியெலும்போடு நாண் ஒட்டுமிடத்தில் வலி என்றால் படி வேண்டாம், சமதரையே போதும். ‘டப்’பென்று அறுந்த மாதிரி இருந்து நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால், எந்தப் பயிற்சியும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.