கொடுத்து வைத்த செடி



பெருநாள் காலையில் நெய்ச்சோறு வேகும்போது எழும் மணத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள். காயல்பட்டினத்து வீடுகளிலும் இலங்கையிலும் அந்த மணத்தில் ரம்பை இலைக்கும் ஒரு பங்குண்டு. பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் அதே பொருள்தான் ரம்பை இலையிலும் இருக்கிறது.

இந்தச் செடியிடம் ஒரு விந்தை உண்டு. இது பூப்பது மிகமிக அரிது, விதையால் பெருகுவதில்லை. பறவை கொண்டு வந்து போட்டும் முளைக்காது. காற்றில் பறந்து வந்தும் வளராது. தாய்ச்செடியின் அடியில் கிளைக்கும் கன்றை ஒருவர் பெயர்த்து மற்றவருக்குத் தந்தால்தான் உண்டு. ஆகவே, உங்கள் வீட்டில் ஒரு ரம்பை நிற்கிறது என்றால், என்றோ ஒருநாள் யாரோ ஒருவர், "எனக்கே போதாது" என்று சொல்லாமல் கொடுத்திருக்கிறார் என்பது பொருள்.

வெள்ளம் கற்பித்த பாடம்

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் உம்மா ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வந்து தந்த ரம்பைக் கன்று, சென்னையில் எங்கள் வாசலில் பல ஆண்டுகள் செழித்திருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கன்று கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த தெரு மாமி ஒருவர் மட்டும் விடாமல் கேட்டதால், ஒரே ஒரு கன்றைத் தந்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் தொட்டிகள் அனைத்தும் போயின. அதற்கு முன்பே உம்மாவும் இறையடி சேர்ந்திருந்தார்கள். உம்மாவின் கையால் வந்த செடியும் போயிற்றே என்று நான் கலங்கி நின்றபோது, மாமி தம் மொட்டைமாடியிலிருந்து ஒரு கன்றைக் கொண்டு வந்து, "இது உன் உம்மா தந்தது தானேம்மா, வைத்துக்கொள்" என்றார்கள்.

நான் பூட்டி வைத்தவை யாவும் அழிந்தன. கொடுத்த ஒன்று மட்டுமே எனக்குத் திரும்பி வந்தது. கொடுப்பது இழப்பு அன்று. அதுவே பாதுகாப்பு என்பதை அன்று உணர்ந்தேன்.

கைமாறிக் காத்தவர்கள்

இவ்வுண்மையை உணர்ந்து ஓர் இயக்கத்தையே தொடங்கியவர்களும் உண்டு. அமெரிக்காவில் டயேன் என்ற இளம்பெண்ணுக்கு அவருடைய பாட்டனார் சில விதைகளைத் தந்தார். அவர் குடும்பத்தினர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து கொண்டு வந்து, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த பூங்கொடியின் விதைகள் அவை. பாட்டனாரின் மறைவுக்குப் பின், இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை விதைகள் முதியவர்களோடு மறைகின்றனவோ என்று அவரும் அவர் கணவர் கென்ட் வீலியும் எண்ணிப் பார்த்தனர். தோட்ட ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் அஞ்சலில் விதைகளை அனுப்பிக் கொள்ளும் அமைப்பை 1975-இல் அவர்கள் தொடங்கினர். 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்ற பெயரில் அது பெரும் நிறுவனமாக வளர்ந்தது.

நம் தமிழகத்திலும் 'நெல்' ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடி மீட்டார். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் உழவர்களுக்கு 2 கிலோ விதை தந்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரும்படி கேட்பது அவரது வழக்கம். 2018-இல் அவர் மறைந்தார். அவர் பரப்பிய விதைகள் பல வயல்களில் வாழ்கின்றன.

வயலில் நடந்தது வாசலிலும் நடக்கலாம் அல்லவா?

எதை, எப்படிக் கொடுப்பது?

ரம்பைக் கன்றைத் தண்டில் தொங்கும் வேர்களோடு வெட்டி எடுங்கள். இலைகளில் பாதியைக் கத்தரித்துவிட்டு நட்டு, இரண்டு மூன்று வாரம் நிழலில் வையுங்கள். மருதாணிக்குப் பென்சில் பருமனில், ஒரு சாண் நீளக் குச்சி போதும். கறிவேப்பிலையின் வேரிலிருந்து கிளைக்கும் கன்றுகளை மழைக்காலத்தில் பெயர்த்துத் தரலாம். அதன் பழத்தின் விதை நெடுநாள் முளைப்புத்திறனோடு இராது. கிடைத்த சில நாட்களிலேயே ஊன்றிவிட வேண்டும்.

கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஆதலால், நல்ல செடியில் ஒரு காயை மஞ்சளாகப் பழுக்கவிட்டு விதை எடுத்தால், பெரும்பாலும் அதே வகை கிடைக்கும். பூசணி அப்படியன்று. அதில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீக்கள் அயல் தோட்டத்து மகரந்தத்தையும் கொண்டு வந்துவிடும். எனவே மறுநாள் மலரவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளை மாலையிலேயே நூலால் கட்டிவிடுங்கள். விடிந்ததும் அவிழ்த்து, ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவி, மீண்டும் பெண்பூவைக் கட்டுங்கள். அந்தக் காயின் விதையை நம்பிக் கொடுக்கலாம்.

விதைகளை நிழலில் நன்றாக உலர்த்தி, காகித உறையில் இட்டு, பெயர், எடுத்த மாதம், யார் தந்தது ஆகிய மூன்றையும் எழுதி, ஈரம் புகாத கண்ணாடிப் புட்டியில் மூடி வையுங்கள். தந்தவரின் பெயரும் அந்த விதையின் வரலாறே.

ஓர் எச்சரிக்கை

செடியோடு நோயையும் கொடுத்துவிடக் கூடாது. கோவைப் பகுதியில் 2008-இல் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் செம்பருத்தி உள்ளிட்ட வேறு பல செடிகளையும் பற்றிப் பெரும் சேதம் விளைவித்தது. ஆகவே இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் பார்த்த பின்பே கொடுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் இருந்தால் அச்செடியைத் தர வேண்டாம்; அது நூற்புழுவின் அடையாளம். வந்த செடியை இரண்டு வாரமாவது மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

இன்றே தொடங்குங்கள்

இதற்குப் பெரிய சங்கம் ஏதும் வேண்டியதில்லை. உங்கள் தெருவில் செடி வளர்க்கும் நான்கு பெண்கள் போதும். மாதம் ஒருநாள் அஸருக்குப் பின் ஒரு வீட்டு முற்றத்தில் கூடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு கன்றோ ஒரு பிடி விதையோ கொண்டு வாருங்கள். காய்த்த கதையை மட்டுமின்றிப் பட்டுப்போன கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறருக்குப் பெரிதும் பயன்படுவது அதுவே. வீட்டிலேயே இருக்கும் முதிய பெண்களை மறவாமல் அழையுங்கள். எந்தக் கொடி எந்த மாதத்தில் ஊன்றினால் காய்க்கும் என்பதை அவர்கள் சொல்லாமலே போய்விட்டால், நாம் யாரிடம் கேட்போம்?

உங்கள் வாசலில், உங்களிடம் மட்டுமே இருக்கும் செடி எது என்று இன்று மாலை எண்ணிப் பாருங்கள். அதில் ஒரு கன்றை நாளையே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிடுங்கள். அது உங்களுக்காகவும் அங்கே வளர்ந்து கொண்டிருக்கும்.