தலைமாட்டில் – 11: மார்ஃபின் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

"இனிமே கீமோ தாங்காதுங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று பெரிய மருத்துவமனை சொல்லி அனுப்பும் நாளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். இந்த வாரம் அதற்கு மறுநாள்.

மறுநாள் காலைக்குள் தெரிந்தவர்கள் மூலம் நாலைந்து தொலைபேசி எண்கள் வந்து சேர்ந்துவிடும். ஒன்று அறக்கட்டளை நடத்தும் இல்லம். ஒன்று வீட்டுக்கே நர்ஸ் அனுப்பும் கம்பெனி. ஒன்று தனியார் மருத்துவமனையின் தனிப் பிரிவு. இன்னொன்று முதியோர் இல்லம், "அந்த மாதிரி பேஷண்டும் பார்ப்போம்" என்பார்கள். எல்லோருமே வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சை தருவதாகத்தான் சொல்வார்கள். குடும்பத்தார் கேட்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், ஏசி உண்டா, கூட ஒருவர் தங்கலாமா என்பவை. கேட்க வேண்டியவைதான். ஆனால் இவற்றுக்கு வரும் எந்தப் பதிலை வைத்தும் அந்த இடத்தில் உங்கள் அம்மா வலியில்லாமல் இருப்பாரா என்று கணிக்க முடியாது.

அதைக் கணிக்க ஒரு கேள்வி இருக்கிறது. "மார்ஃபின் மாத்திரை உங்களிடம் கையிருப்பில் இருக்கிறதா?"

முற்றிய புற்றுநோயின் வலிக்கு வாய்வழி மார்ஃபின்தான் அடிப்படை மருந்து. விலை மிகக் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் நம் ஊரில் சாதாரண மருந்துக் கடையில் சீட்டைக் காட்டி வாங்கிவிட முடியாது. காரணம் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கடத்தலைத் தடுக்க வந்த அந்தச் சட்டம் மார்ஃபின் வைத்துக்கொள்ளவும் எடுத்துச் செல்லவும் பல துறைகளிடம் தனித்தனி உரிமம் வாங்கச் சொன்னது. ஒரு உரிமம் கைக்கு வரும்போது இன்னொன்று காலாவதியாகியிருக்கும். மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக அந்த மருந்தையே கைவிட்டன. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு ஏறத்தாழ 97 சதவீதம் சரிந்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமம் பெற்ற விவசாயிகள் கசகசாச் செடி பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலைகள் அபினைப் பதப்படுத்திக்கொண்டிருந்தன. வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்கு அபின் ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது. அதே நாட்டில் புற்றுநோயாளிகள் பாராசிட்டமாலை விழுங்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். அந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திருவனந்தபுரத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் உள்ளிட்ட பலர் ஆண்டுக்கணக்கில் போராடியதில் 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகள் அத்தியாவசிய போதை மருந்துகள் என்று வகைப்படுத்தப்பட்டன. பல உரிமங்களுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற ஒரே அனுமதி போதும் என்றானது. ஆகவே இன்று ஒரு இல்லமோ மருத்துவமனையோ மார்ஃபின் வைத்திருக்கவில்லை என்றால் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. விண்ணப்பிக்கவில்லை, அல்லது பயிற்சி பெற்ற மருத்துவர் அங்கே இல்லை. இரண்டில் எதுவானாலும் நோயாளிக்கு ஒன்றுதான்.

பதில் வரும் விதத்தையும் கவனியுங்கள். "வலி வந்தா ஊசி போட்டுடுவோம்" என்று சொன்னால் அங்கே இந்தச் சிகிச்சை நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வலி வந்த பிறகு அதைத் துரத்துவது இதன் முறை அல்ல. 1950களின் இறுதியில் லண்டனின் செயின்ட் ஜோசப் இல்லத்தில் சிசிலி சாண்டர்ஸ் செய்து காட்டியது இதைத்தான். நோயாளி கெஞ்சும் வரை காத்திராமல், முந்தைய வேளையின் வேகம் தணியும் முன்பே அடுத்த வேளையைக் கொடுத்தார். நர்ஸாகத் தொடங்கி, பிறகு மருத்துவம் படித்த பெண்மணி அவர். 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கினார். இந்தத் துறை இன்றைய வடிவில் அங்கிருந்துதான் பரவியது. வாய் வழியாக, கடிகாரப்படி என்பது 1986இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலிலும் இடம்பெற்றது.

விஷயம் தெரிந்த இடத்தில் பதில் இப்படி இருக்கும்: "நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை. ராத்திரி படுக்கும்போது ரெண்டு மடங்கா குடுத்துட்டா நடுராத்திரி எழுப்ப வேண்டியதில்லை. இடையில வலி எகிறினா ஒரு உபரி டோஸ். மலம் இறங்க மருந்து கூடவே கண்டிப்பா உண்டு." அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். மார்ஃபின் எடுக்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும். முதல் நாளே அதற்கும் மருந்து எழுதுபவர் இந்த வேலையைச் செய்து பழகியவர். மீதமாகும் மாத்திரையை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். வாங்கிப் பதிவேட்டில் எழுதும் இடத்தில் கணக்கும் பொறுப்பும் இருக்கிறது.

"மார்ஃபின் குடுத்தா அடிமையாயிடுவாரே, மூச்சு நின்னுடுமே" என்று உறவினர் யாராவது பயமுறுத்துவார்கள். சில மருத்துவர்களும் அதையே சொல்வார்கள். வலியின் அளவுக்கேற்பச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுக்கும்போது அப்படி நடப்பது அரிது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைத்துக் கவனமாகத் தர வேண்டும். இந்தப் பயத்தை உட்கார்ந்து பேசித் தீர்க்க ஒரு நர்ஸுக்கு நேரமிருக்கிறதா என்பதும் தரத்தில் சேர்த்திதான்.

என் சித்தப்பாவுக்குத் தாடையில் புற்று. வீட்டுக்கு வந்த நர்ஸ் ஃபைலைத் திறக்கவில்லை, எங்களிடமும் பேசவில்லை. கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவரிடம் கேட்டார்.

"ஐயா, நேத்து ராத்திரி தூங்குனீங்களா?"

சித்தப்பா தலையாட்டினார், இல்லை என்று.

"வலி எப்படி இருக்கு? குடையுதா, எரியுதா?"

"எரியுதும்மா. மொளகாயத் தேச்ச மாதிரி. காது வரைக்கும் இழுக்குது."

"பத்துக்கு எத்தனைன்னு சொல்வீங்க? பத்துன்னா தாங்கவே முடியாததுன்னு வெச்சுக்குங்க."

விரலால் எட்டு காட்டினார். நர்ஸ் அதை எழுதிக்கொண்டார். எரிவதும் இழுப்பதும் நரம்பு வலியின் குணங்கள் என்பதால் மார்ஃபினோடு வேறொரு மாத்திரையும் வேண்டும் என்று மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினார். எனக்குப் பெரிதாகப் பட்டது அதற்குப் பிறகு நடந்ததுதான். மறுநாள் அவரே கூப்பிட்டு, "எட்டு இப்ப எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டார். வலியை ஒரு முறை எண்ணாக எழுதுவது பல இடங்களில் நடக்கிறது. மருந்து கொடுத்த பிறகு மறுபடி கேட்டு, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதும் இடங்கள் குறைவு. சேர்ப்பதற்கு முன் அந்தப் பதிவுத் தாள் எப்படியிருக்கும் என்று ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பெயரை மறைத்துக் காட்டட்டும். பேச்சு வராதவர், நினைவு மங்கியவர் என்றால் வலியை எப்படிக் கணிப்பீர்கள் என்றும் கேளுங்கள். முகச் சுளிப்பு, முனகல், திருப்பிப் படுக்க வைக்கும்போது உடம்பு விறைப்பது இவற்றையெல்லாம் பார்ப்போம் என்று சொன்னால் நல்லது.

அடுத்தது இரவு. வலியும் மூச்சுத்திணறலும் பயமும் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் கூடுகின்றன. "24 மணி நேர சேவை" என்று எல்லோரும் அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணை இரவு பதினொரு மணிக்கு ஒரு முறை அழைத்துப் பாருங்கள். எடுப்பவர் நர்ஸா, வரவேற்பாளரா? "காலையில டாக்டர் வந்ததும் சொல்றேன்" என்கிறாரா, இப்போது என்ன செய்யலாம் என்கிறாரா? இரவில் வலி எகிறினால் கொடுக்க வேண்டிய மருந்து முன்கூட்டியே வீட்டில் இருக்குமா?

அமெரிக்காவில் ஹாஸ்பிஸ்களுக்குப் பணம் தருவது பெரும்பாலும் அரசின் மெடிகேர் காப்பீடு. அதனால் அவற்றின் தரத்தை அளந்து பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். ஒருவர் இறந்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்து அவர் குடும்பத்துக்கு ஒரு கேள்வித்தாள் வரும். மாலையிலும் வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் உதவி கிடைத்ததா, வலிக்கு வேண்டிய அளவு உதவி கிடைத்ததா, நோயாளியைக் கவனித்துக்கொள்ளக் கற்றுத் தந்தார்களா என்று கேட்பார்கள். இன்னொரு அளவுகோலும் உண்டு. உயிர் பிரிவதற்கு முந்தைய மூன்று நாட்களில் குறைந்தது இரண்டு நாட்களாவது நர்ஸோ மருத்துவ சமூகப் பணியாளரோ நேரில் வந்தார்களா? இத்தனை இருந்தும் அங்கே பணத்துக்காக மட்டும் முளைத்த ஹாஸ்பிஸ்கள் ஏராளம். லாஸ் ஏஞ்சலஸில் அவை பெருகிய வேகத்தைக் கண்டு கலிஃபோர்னியா 2022இல் புது உரிமங்களை நிறுத்தி வைத்தது.

நமக்கு அப்படி ஒரு பொதுப் பட்டியல் இல்லை. ஆனால் அந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்ள யாரும் தடை சொல்லப் போவதில்லை. நீங்கள் சேர்க்க நினைக்கும் இல்லத்தில் ஒருவரை இழந்த குடும்பம் எதையாவது தேடிப் பிடித்து, "கடைசி மூணு நாள் யார் வந்தாங்க, ராத்திரி போன் எடுத்தாங்களா?" என்று கேளுங்கள். பொதுவாக "எப்படிப் பார்த்துக்கிட்டாங்க?" என்றால் "நல்லா பார்த்துக்கிட்டாங்க" என்றுதான் பதில் வரும். இறந்தவரைப் பற்றிய பேச்சில் குறை சொல்ல நமக்கு மனம் வராது.

நேரில் போகும்போது மூக்கை நம்புங்கள். முற்றிய கட்டி உடைந்த புண்ணின் வாடை வீட்டையே அமுக்கிவிடும். பேரப்பிள்ளைகள் கிட்டே வர மாட்டார்கள், நோயாளியும் கூசிக் குறுகிப்போவார். அந்த வாடை கிருமிகளால் வருவது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் சில நாட்களில் அடங்கிவிடும். மலிவான மாத்திரைதான். புண்ணோடு பலர் படுத்திருந்தும் வாடையில்லாத வார்டில் யாரோ தினமும் பொறுமையாகப் புண் கட்டுகிறார்கள். பினாயில் வாடை மட்டும் தூக்கலாக அடித்தால் யோசியுங்கள். உதடு வெடித்திருக்கிறதா, நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்களா என்றும் பாருங்கள்.

"அவருக்குத் தெரிய வேண்டாம், சொல்லிடாதீங்க" என்று கேட்காத தமிழ்க் குடும்பம் இல்லை. பாசத்தில்தான் கேட்கிறோம். நோயாளிக்குப் பெரும்பாலும் தெரிந்தேயிருக்கும். பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவரும் வாயைத் திறப்பதில்லை. நிலத்தை யார் பெயரில் எழுதுவது, பேசாமலிருக்கும் தம்பியைக் கூப்பிடலாமா என்பதெல்லாம் பேசப்படாமலே போய்விடும். உங்கள் வேண்டுகோளைக் கேட்டவுடன் "சரிங்க, சொல்லலை" என்று தலையாட்டுபவர்களைவிட, "அவரா கேட்டா நாங்க பொய் சொல்ல மாட்டோம். அவருக்கு என்ன தெரிஞ்சிக்கணும்னு முதல்ல கேட்டுப் பார்க்கிறோம்" என்பவர்களையே நான் நம்புவேன். முதலில் கோபம் வரும். பிறகு அவர்கள்தான் அப்பாவையும் மகனையும் பேச வைப்பார்கள்.

வென்டிலேட்டர் இருக்கிறது, ஐசியூ இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னால் அது வேறு வகை மருத்துவமனை. அதற்கான வேளை உண்டு, இது அந்த வேளை அல்ல. செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்தது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. அதற்கு ஒரு வாரம் தனியாக வேண்டும்.

இலவசம் என்றால் தரம் குறைவாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மும்பையில் 1986இல் தொடங்கிய சாந்தி அவேத்னா, சென்னையில் ஜீவோதயா போன்ற இல்லங்கள் கட்டணம் இல்லாமலே நடப்பவை. கோழிக்கோட்டில் 1993இல் சில மருத்துவர்கள் தொடங்கிய முயற்சி, பக்கத்து வீட்டுக்காரர்களையே தொண்டர்களாக்கிக் கேரளமெங்கும் பரவியது. 2008இல் இதற்கென்று கொள்கை அறிவித்த முதல் மாநிலம் கேரளம். நம்மிடமும் 2021இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நோய் ஆதரவு சிகிச்சை உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். ஆனால் அரசு, தனியார், அறக்கட்டளை யாரானாலும் மார்ஃபின் கேள்வியில் யாருக்கும் சலுகை வேண்டாம்.

கடைசியாக, கேட்க நா கூசும் ஒரு கேள்வி. வீட்டில் உயிர் பிரிந்தால் எந்த மருத்துவர் வந்து பார்ப்பார், எத்தனை மணிக்குள் வருவார்? இறப்பின் காரணத்தைக் குறிப்பிடும் சான்று, கடைசி நோயின்போது கவனித்த மருத்துவர் தர வேண்டியது. வீட்டில் நடந்த இறப்புக்கு அது படிவம் 4ஏ. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்று தர ஆளில்லாமல் மயானத்தில் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டுத் தெரிந்த டாக்டரைத் தேடி அலையும் குடும்பங்கள் உண்டு. சேர்க்கும் நாளிலேயே இதைக் கேட்டு, அந்த மருத்துவரின் எண்ணை எழுதி வாங்கிவிடுங்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் யாராவது வந்து, தனியாகிவிட்ட அம்மா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று பார்ப்பார்களா என்றும் அப்போதே கேளுங்கள். சில இடங்களில் வருகிறார்கள்.

(அடுத்த வாரம்: உயிர்காப்பு வேண்டாம் என்று எழுதி வைப்பது எப்படி)