எந்தப் பாதி நல்லது?

காங்கேசன்துறை ரயில் நிலையத்து வாசலில் மருமகன் கைப்பேசியும் கையுமாக நின்றான். கொழும்பு ரயிலில் வந்த சனம் ஓட்டோக்காரரிடம் விலை பேசிக்கொண்டிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போனேன். சுகம் கேட்பான் என்று பார்த்தால், அவன் சொன்ன முதல் வசனம் இதுதான்:

"மாமா, அது மஞ்சளுக்குள்ளை விழுந்திட்டுது. 68. இனி வாங்கிறேல்லை."

செத்தவீட்டுச் செய்தி சொல்லும் முகம். இரண்டு வருசமாக அவன் காத்திருந்த வீடியோ கேம் அந்தக் கிழமைதான் வெளிவந்திருந்தது. விமர்சகர்கள் போடும் புள்ளிகளைத் திரட்டிச் சராசரி எடுக்கும் மெட்டாக்ரிட்டிக்கில், கேம்களுக்கு 75உம் அதற்கு மேலும் பச்சை. 50 முதல் 74 வரை மஞ்சள். அதற்குக் கீழே சிவப்பு.

"ஏன் 68? என்ன பிழையாம்?"

"அது வாசிக்கேல்லை மாமா. 68 எண்டா 68தானே."

முப்பத்தைந்து வருசத்துக்கு முதல் இந்த ஊர்ப் பெடியளிடம் கேம் இல்லை, தீர்ப்பு மட்டும் வாய் நிறைய இருந்தது. இன்றைக்குக் கேமும் இருக்கிறது, பக்கம் பக்கமாக விமர்சனமும் இருக்கிறது. வாசிக்கத்தான் ஆளில்லை.

நான் சின்னவனாக இருந்த காலத்துக் காங்கேசன்துறைக்கு மூன்று பெருமைகள். துறைமுகம், 1950இல் வந்த சீமெந்துத் தொழிற்சாலை, 1956 முதல் ஓடிய யாழ்தேவி. கப்பலில் வேலைசெய்த சொந்தக்காரர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி கொண்டுவந்தார். ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1980இல் வெளியிடத் தொடங்கிய கேம் அண்ட் வாட்ச் வகை. ஒரு பெட்டிக்குள் ஒரு விளையாட்டுத்தான். அதிலேயே மணிக்கூடும் இருக்கும். மாமி வீட்டு விறாந்தையில் வரிசையில் குந்தியிருந்து, ஆளுக்கு மூன்று உயிர் என்று விளையாடினோம். கடைசியில் நாங்கள் எழுதாமல் எழுதிய விமர்சனம்: "விளையாட்டு நல்லம், சத்தம்தான் அரியண்டம்." எது நல்லது, எது பழுது என்பது அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தது.

1990 ஜூனில் போரால் ஊரே எழும்பியது. எங்கள் வீடு, மாமி வீடு, தொழிற்சாலை, ரயில் நிலையம் எல்லாம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டன. மல்லாகம் பக்கம் ஒரு வீட்டில் நாலு குடும்பமாக ஒதுங்கினோம். பொருளாதாரத் தடையில் பற்றரி வராது, மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க ஜாம் போத்தல் விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோவுக்கு உயிர் கொடுத்த காலம். ரீவி கேம் என்ற சொல்லுக்கே அங்கே வேலையில்லை.

ஆனாலும் விளையாடினோம். கொழும்பில் சில வருசம் இருந்துவிட்டு வந்த ஓர் அண்ணை, பின்னேரங்களில் முற்றத்து மணலில் ஈர்க்கால் கீறுவார். கீழே நடுவில் ஒரு கழுகு. அதைச் சுற்றிச் செங்கல் மதில். அதற்கு உண்மையாகவே உடைந்த ஓட்டுத்துண்டுகளை அடுக்குவார். மேலிருந்து ராங்கிகள் இறங்கிவரும், எங்கள் ராங்கி அவற்றை அடிக்கவேண்டும், கழுகு போனால் ஆட்டம் சரி. நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'பேட்டில் சிட்டி' அது என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது எங்களுக்கு அது 'ராங்கி கேம்'.

அவர் சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் பாடம்: "முதல் இருவது கட்டம் நல்லம். பிறகு ஒரே மாதிரித்தான் வரும். தனிய விளையாடினா அலுக்கும். ரெண்டு பேரெண்டா அலுக்காது. ஆனா கவனம், பக்கத்திலை நிக்கிறவனே கழுகைச் சுட்டுப்போடுவான்." பெரிய பத்திரிகைக்காரனும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமாட்டான். எது நல்லது, எங்கே சலிக்கும், யாருக்குப் பொருந்தும், எதில் கவனம் வேண்டும், நாலும் வந்துவிட்டன.

2002இல், தெற்கோடு எங்களை இணைக்கும் ஏ9 பாதை திறந்தபின் கொழும்புச் சாமான்கள் வந்து குவிந்தன. நின்டெண்டோவைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டிகளும் அவற்றோடு வந்தன. கசற்றில் '9999 விளையாட்டு' என்று ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது சில பத்துத்தான், அவையே பெயர் மாறி மாறி வரும். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. வெட்கத்தை விட்டு ராங்கி கேமை முப்பத்தைந்து கட்டமும் விளையாடி முடித்தேன். அண்ணை சொன்னது எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. கடைசிக் கட்டத்தில் ஹெலி வரும் என்றிருந்தார். வரவில்லை. அந்த நாட்களில் எங்கள் தலைக்கு மேலே சுற்றியதை அவர் கேமுக்குள் சேர்த்துவிட்டார் போல.

பிறகு பிளேஸ்டேஷன் 2 வந்தது. யாழ்ப்பாணத்தில் இறுவட்டுக் கடை ஒன்று எங்களுக்கு வாடிக்கை. பொலித்தீன் உறைக்குள் போட்டோக்கொப்பி அட்டை, தட்டின் மேல் மார்க்கரால் எழுதிய பெயர், எல்லாம் கள்ளக் கொப்பி. அசலை அந்நாளில் கண்ணால் கண்டவர் எங்களில் இல்லை. முதலாளி கேமை விளையாடுகிறவர் அல்ல. ஆனால் எந்தத் தட்டு எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்று கணக்கு வைத்திருந்தார். "தம்பி, இது ரெண்டு நாளிலை திரும்பி வரும். உது வந்தா கீறல் விழுந்துதான் வரும், அவ்வளவுக்குப் போடுவாங்கள்." கீறல் விழுந்த தட்டுத்தான் நல்ல கேம். அவரிடம் பச்சையும் மஞ்சளும் அதுதான்.

2006 ஆகஸ்டில் ஏ9 மறுபடி பூட்டுப்பட்டது. அந்த வருசக் கடைசியில் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸின் 'கிரிக்கெட் 07' வெளிவந்தது. கொழும்பிலிருந்து விமானத்தில் வந்த ஒருவரின் பையில் ஒரேயொரு தட்டு வந்து சேர்ந்தது. ஊரடங்கு நேரத்தில் அதுதான் எங்கள் மைதானம். மார்க் நிக்கலஸும் ரிச்சி பெனோவும் வர்ணனை. எல்லா அணிகளுக்கும் உரிமம் எடுக்கவில்லை. எடுக்காத அணிகளின் ஆட்டக்காரர் பெயர்கள் முறுக்கிப் பிழிந்த மாதிரி வந்தன. களத்தடுப்பு மந்தம். தூக்கி அடிக்கும் நேரம் கைக்குப் பிடிபட்டுவிட்டால் எந்தப் பந்தும் ஆறு ஓட்டம். எங்கள் தீர்ப்பு: "கணினியோடை விளையாடாதை, ஆளோடை விளையாடு." தெற்காசியா முழுக்க இளைஞர்கள் ஆட்டக்காரர் பெயர்களைத் தாங்களே திருத்தி, உடுப்பை மாற்றி, அந்தச் சுமாரான கேமைப் பல வருசம் உயிரோடு வைத்திருந்தார்கள். புள்ளி மட்டும் பார்த்தவர்கள் அதை 2007இலேயே மறந்திருப்பார்கள்.

நாங்கள் மணலிலும் மார்க்கரிலும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் வெளியுலகத்தில் தீர்ப்பு எண்ணாகிக்கொண்டிருந்தது. ஜப்பானின் ஃபமிட்சு சஞ்சிகையில் நாலு பேர், ஆளுக்குப் பத்து, மொத்தம் நாற்பது. 1998இல் வந்த 'செல்டா: ஒக்கரினா ஒஃப் டைம்'தான் முதன்முதல் நாற்பதும் வாங்கியது. நாலு புள்ளியும் தனித்தனியே அச்சாகும் என்பதால் யார் எங்கே முரண்பட்டார் என்று வாசகருக்குத் தெரியும். 2001இல் மெட்டாக்ரிட்டிக் வந்ததும் எல்லாம் ஒரே எண்ணுக்குள் கரைந்தன. அந்த எண் சம்பளத்திலும் கை வைத்தது. 2010இல் வந்த 'ஃபோல்அவுட்: நியூ வேகஸ்' 85 எடுத்தால் அதைச் செய்த ஒப்சிடியன் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை என்று பேச்சு. வந்தது 84.

அதே 2010இல் 'டெட்லி பிரெமனிஷன்' என்றொரு ஜப்பானியத் திகில் கேம். ஐ.ஜி.என். விமர்சனத் தளம் அதற்கு 10க்கு 2 போட்டது. டிஸ்ட்ரக்டாய்ட் தளம் 10க்கு 10 போட்டது. ஒருவர் ஓட்டை உடைசலைப் பார்த்தார், மற்றவர் அந்த ஓட்டைகளுக்கூடாகத் தெரிந்த கிறுக்குக் கதையைப் பார்த்தார். இரண்டையும் கூட்டிப் பிரித்தால் 6. ஆனால் இந்த இரண்டு பேரில் 6 என்று சொன்னவர் ஒருவருமில்லை. மஞ்சளில் விழும் கேம்களுக்கு இதுதான் நடக்கிறது. பச்சைக்கும் சிவப்புக்கும் பெரும்பாலும் எண் போதும். விளக்கம் கட்டாயம் வேண்டியது மஞ்சளுக்கு.

கிரிக்கெட்டிலேயே பாருங்கள். 2013 நவம்பரில் 'ஆஷஸ் கிரிக்கெட் 2013' கணினிக்கு வெளிவந்து, சில நாட்களிலேயே மீளப் பெறப்பட்டது. வெளியிட்டவர்கள் மன்னிப்புக் கேட்டுக் காசையும் திருப்பினார்கள். பிளேஸ்டேஷனுக்கு வரவிருந்த பதிப்பு வரவேயில்லை. அதற்கு விமர்சகரே தேவையில்லை. அடுத்த வருசம் மெல்பேர்ணின் பிக் ஆண்ட் நிறுவனம் 'டொன் பிரட்மன் கிரிக்கெட் 14' கொண்டுவந்தது. மட்டை வீச்சும் பந்துவீச்சும் அருமை, படம் சுமார், அணிகளின் உரிமம் இல்லை. பெயர்களை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நிஜப் பெயர் வேண்டியவனுக்கு அது பழுது, பந்தைக் கணித்து அடிக்க விரும்புகிறவனுக்கு அது தங்கம். ஓர் எண் இந்த இரண்டு பேருக்கும் எப்படிப் பதில் சொல்லும்?

சில வேளை பச்சையும் ஏமாற்றும். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வெளிவருமுன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டும் கொடுக்கப்பட்டது, புள்ளிகள் உச்சத்தில் நின்றன. பிளேஸ்டேஷன் 4இல் வாங்கியவர்களிடம் அது திக்கித் திணறியது. ஏறத்தாழ ஒரு கிழமையில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. எந்தப் பெட்டியில் விளையாடிப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் இறுவட்டுக் கடை முதலாளி அதைத்தான் முதலில் கேட்பார்: "உம்மட்டை எது? அதிலை ஓடுமோ?"

இப்போது தவறான தீர்ப்பு சின்னச் செலவும் இல்லை. புதிய பெரிய கேம் ஒன்று 70 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 21,000. ஆகவே மருமகன் எண்ணைப் பார்ப்பதில் குற்றமில்லை, அதோடு நிறுத்துவதுதான் குற்றம்.

பாதுகாப்பு வலயத்திலிருந்து காணி விடுபட்டபின் அக்கா, மருமகனின் அம்மா, கட்டிய வீட்டில் பழைய கிணறு மட்டும் அப்படியே இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா அனுப்பிய பிளேஸ்டேஷன் 5 சுவாமிப் படத்துக்குக் கீழே. அன்றிரவு மருமகன் 'வெண்பா' போட்டான். ரொறன்ரோவில் வாழும் தமிழர் ஒருவரின் சிறு நிறுவனம் 2023இல் வெளியிட்டது. 1988இல் கனடாவுக்குப் போன தமிழ்நாட்டுத் தாய் ஒருத்தி, அழிந்தும் கிழிந்தும் போன சமையல் கொப்பியிலிருந்து தன் அம்மாவின் கைப்பக்குவத்தை மீட்டெடுக்கிறாள். 2024இல் பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருது அதற்கு. விமர்சகர்கள் கதையையும் பாட்டையும் கொண்டாடினார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறதே என்று குறையும் சொன்னார்கள்.

கேம் பக்கமே எட்டிப் பார்க்காத அக்கா, புட்டுக் கட்டம் வந்ததும் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து நின்றா. முழுவதும் பார்த்தா.

"நல்லாத்தான் கிடக்கு. ஆனா இது குழல் புட்டு. நீத்துப்பெட்டிப் புட்டு எங்கை?"

மருமகன் சிரித்தான். நான் சொன்னேன், "உன்ரை 68ஐ விட இது நல்ல விமர்சனமடா." பிறகு அந்த மஞ்சள் கேமுக்கு வந்த விமர்சனங்களில் மூன்றை இரண்டு பேரும் சேர்ந்து முழுதாக வாசித்தோம். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: தனியே விளையாடினால் அலுக்கும், இரண்டு பேர் என்றால் நல்லம். பக்கத்து வீட்டுப் பெடியன் தினமும் பின்னேரம் வருவான். விலை குறையட்டும், எடுப்போம் என்று முடிவானது.

தமிழில் கேம் விமர்சனம் சொல்லும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். புள்ளி போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு மூன்று வசனமும் சேருங்கள்: எந்தப் பாதி நல்லது, எந்தப் பாதி பழுது, யாருக்குப் பொருந்தும். மல்லாகத்து மணலில் ஈர்க்கால் கீறிய அண்ணை அவ்வளவும் சொன்னார். ஹெலியை மட்டும் நீங்கள் சேர்க்காதீர்கள்.