ஊர் தந்த பெயர்



நாள்பட்ட உணவில் பூசணம் பூத்துவிட்டால் அதனை எறிந்துவிடுவது நம் வழக்கம். பூசணம் பிடிப்பதற்கென்றே கருத்தோடு பேணி வளர்க்கப்படும் உணவும் உலகில் உண்டு. நீலச் சீஸ் எனப்படும் பாலாடைக்கட்டியே அது.

அதன் வெண்ணிற உடலில் நீல நரம்புகள்போல் ஓடுவது பெனிசிலியம் இனத்துப் பூசணம். பெனிசிலின் மருந்தைத் தரும் பூசணத்திற்கு உறவு. காற்றின்றி அது வளராது. ஆதலால், கட்டி ஏறக்குறைய ஆறு வாரம் முதிர்ந்ததும் நீண்ட ஊசிகளால் அதனைத் துளைக்கிறார்கள். காற்றுப் புகுந்த வழியெல்லாம் நீலம் படர்கிறது. நீலம் என்ற அடைமொழிக்கு விளக்கம் இவ்வளவே.

ஆனால், இவ்வகையில் புகழ்மிக்க ஸ்டில்டன் பெற்ற பெயருக்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. ஸ்டில்டன் என்பது இலண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 70 மைல் தொலைவிலுள்ள சிற்றூர். வடக்கே செல்லும் பெருஞ்சாலையில் குதிரை வண்டிகள் தரித்துச் சென்ற இடம். 1724 முதல் 1727 வரை வெளிவந்த தமது பயண நூலில் டானியல் டீபோ இவ்வூரைப் பாலாடைக்கட்டிக்குப் பேர்போனதென்று குறிப்பிடுகிறார். மொய்த்திருக்கும் சிற்றுண்ணிகளையும் சேர்த்து உண்பதற்குக் கரண்டியொன்று தருவார்களாம்! நல்ல வேளை, அவ்வழக்கம் இன்று இல்லை.

அவ்வூரின் பெல் விடுதியை நடத்தியவர் கூப்பர் தோர்ன்ஹில். 1745-இல் ஸ்டில்டனுக்கும் இலண்டனுக்கும் இடையே ஒரே நாளில் மும்முறை குதிரையோட்டிப் பந்தயம் வென்ற வீரர். லெஸ்டர்ஷயர்ப் பகுதியிலிருந்து வந்த பாலாடைக்கட்டியை அவர் வழிப்போக்கருக்கு விற்றார். வாங்கியவர்கள், செய்த இடத்தை அறியாது, விற்ற ஊரின் பெயரையே அதற்குச் சூட்டினர்.

பெயருக்குச் சட்டக் காவல் 1996-இல் கிடைத்தது. டார்பிஷயர், லெஸ்டர்ஷயர், நொட்டிங்ஹாம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில், நுண்ணுயிர் நீங்கச் சூடாக்கிய பாலில் செய்யப்பட்டதே ஸ்டில்டன் என்று வரையறுத்தார்கள். ஸ்டில்டன் கிராமமோ இம்மூன்றிலும் அடங்காது. பெயர் கொடுத்த ஊரே அப்பெயரில் ஒரு கட்டி செய்து விற்க முடியாது! முற்காலத்தில் தம்மூரிலேயே பாலாடைக்கட்டி செய்யப்பட்டதென்பதற்குச் சான்று காட்டி அவ்வூரார் விண்ணப்பித்தனர். 2013-இல் அரசு அதனை மறுத்துவிட்டது. தரத்தைக் காப்பதற்கான சட்டம் வேண்டியதே. எனினும், இத்தீர்ப்பில் ஊராருக்கு நீதி கிட்டியதென்று என்னால் ஒப்ப இயலவில்லை.

இடருற்றவர்கள் அவர்கள் மட்டுமல்லர். 2006-இல் நொட்டிங்ஹாம்ஷயரிலேயே ஒரு பண்ணையார் பழைய முறைப்படி காய்ச்சாத பாலில் இதனைச் செய்யத் தொடங்கினர். இடம் பொருந்தியது, பால் பொருந்தவில்லை. அவர்கள் அவ்வூரின் பழம்பெயர் எனப்படும் ஸ்டிச்செல்டன் என்பதையே தம் பாலாடைக்கட்டிக்கு இட்டு விற்று வருகிறார்கள்.